அடைக்கோழிக்கு அடியில் ஒரு ட்ரான்ஸ்மிட்டர்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைச் சின்னம்மாதான் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்றால்தான் சென்னையிலிருந்து வருவார்கள். மூன்றாங்கட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் சின்னம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். போன கோடையில் அடை வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டை. கோழி ஒழுங்காக அடையில் உட்காரவில்லை என்பது சின்னம்மா கட்சி. தகரக் கொட்டகையின் சூடுதான் காரணம் என்பது சித்தப்பா கட்சி. இருவரும் கோழியைப் பார்த்துப் பேசுகிறார்களே தவிர, முட்டைக்குள் என்ன வெப்பம் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு போலி முட்டை செய்தேன். உள்ளே ஒரு வெப்ப உணரி, ஒரு குட்டி ட்ரான்ஸ்மிட்டர். அடைக்காலமான 21 நாளும் கோழியின் வயிற்றுக்கடியில் கிடந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைச் சொல்ல வேண்டும்.

ஒயர் இழுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. கோழி ஒரு நாளில் பலமுறை முட்டைகளை அலகால் புரட்டிவிடும். ஒயர் தெரிந்தால் முதல் வேலையாக அதைத்தான் கொத்தும்.

உடம்புக்குள்ளிருந்து ரேடியோவில் செய்தி வாங்குவது பழைய வித்தைதான். 1957ல் மெக்கேயும் யாக்கப்சனும் விழுங்கக்கூடிய ட்ரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். குடலுக்குள் அழுத்தமோ வெப்பமோ மாறினால் சிக்னலும் மாறும், வெளியே ரிசீவரில் அதைக் கேட்டுக் கணக்குப் போடலாம். 1963ல் காக்ரனும் லார்டும் காட்டு விலங்குகளின் மேல் ட்ரான்ஸ்மிட்டர் கட்டி, அவை போன வழியைத் தொடர்ந்தார்கள். இரண்டிலும் இருந்த பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கும் அந்தப் பழைய ட்ரான்சிஸ்டர் சுற்றைக் கட்டத்தான் ஆசை. ஆனால் வனவிலங்குகளுக்குக் கட்டும் ட்ரான்ஸ்மிட்டர் பட்டைகள் பாடும் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நாம் உரிமம் இல்லாமல் வாய் திறக்க முடியாது. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005லேயே உரிமத் தேவையிலிருந்து விலக்கிவிட்டார்கள். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பேசுவதும் இதே அலைவரிசையில்தான். புளூடூத் சிப் மலிவு, செல்போனிலேயே பார்க்கலாம் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் கோழி என்பது ரேடியோவைப் பொறுத்தவரை உப்புத் தண்ணீர். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் இரண்டு செ.மீ. போவதற்குள் பெரும்பகுதி வலுவிழந்துவிடும். 866ல் மூன்று, நான்கு செ.மீ. வரை தாங்கும். இன்னும் கீழே இறங்கினால் உடம்பு இன்னும் வழிவிடும், ஆனால் முட்டைக்குள் அடங்கும் ஆன்டெனாவின் திறன் படுத்துவிடும். 866க்குக் கால் அலைநீளம் 8.7 செ.மீ. அந்த நீளக் கம்பியை ஸ்பிரிங்காகச் சுற்றினால் ஐந்து செ.மீ. முட்டைக்குள் நெடுக்குவாக்கில் உட்கார்ந்துகொள்கிறது.

சிசி1101 ரேடியோ மாட்யூல், எம்எஸ்பி430 மைக்ரோகன்ட்ரோலர், சூடு ஏறினால் தடை குறையும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், சிஆர்2032 பட்டன் செல். இவ்வளவுதான் சாமான். இதில் யோசிக்க வேண்டியது ரேடியோ இல்லை, செல். ரேடியோ பேசும்போது 17 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, பெரிதாகத் தெரியும். ஆனால் அது விழித்து, கிரிஸ்டல் நிலைப்பட்டு, அலைவரிசையைச் சரிபார்த்து, 17 பைட் அனுப்பிவிட்டுத் தூங்க 5 மில்லி விநாடி போதும். பெருக்கினால் 85 மைக்ரோ கூலும் மின்னூட்டம். நிமிடத்துக்கு ஒரு தடவை என்பதால் 60ஆல் வகுத்தால் சராசரி 1.4 மைக்ரோ ஆம்பியர். 21 நாளுக்கும் சேர்த்து ஒரு மில்லி ஆம்பியர்-மணிகூட ஆகவில்லை. சிஆர்2032ல் இருப்பதோ சுமார் 225.

இப்போது தெர்மிஸ்டரைப் பார்ப்போம். இன்னொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராகச் செல்லின் குறுக்கே நிரந்தரமாகக் கட்டினால், அடைச்சூட்டில் சுமார் 190 மைக்ரோ ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். அதே 21 நாளில் 95 மில்லி ஆம்பியர்-மணி காலி. வாய் பேசாத ஒரு ரெசிஸ்டர், ரேடியோவைவிட நூறு மடங்குக்கு மேல் தின்கிறது. அதனால் தெர்மிஸ்டருக்கு மின்சாரம் மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலிலிருந்து போகிறது. அளக்கும் ஒரு மில்லி விநாடி மட்டும் அந்தக் கால் உயரும், பிறகு பூஜ்யம். இதில் இன்னொரு லாபம்: வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் மேற்கோள் வோல்டேஜும் அதே செல்லிலிருந்து வருவதால், செல் இறங்கினாலும் விகிதம் மாறாது. 37.5 டிகிரியில் தெர்மிஸ்டர் 5.87 கிலோ ஓம், ஒரு டிகிரி ஏறினால் 5.63. பத்து பிட் ஏடிசியில் அது சுமார் பத்து எண் வித்தியாசம். ஆக, பத்தில் ஒரு டிகிரி தெரியும். கோழிக்கு அது தாராளம்.

தூங்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் 0.5, ரேடியோ 0.2, ஆக 0.7 மைக்ரோ ஆம்பியர் என்பது டேட்டாஷீட் கணக்கு. சர்க்யூட் பலகையில் அளந்தால் ஆறுக்கு மேல் வந்தது.

இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் வரிசையில் நேரடியாக அளக்கப் போனால், ரேடியோ விழிக்கும் நொடியில் மீட்டரின் உள்தடையிலேயே வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகிவிடும். செல்லுக்கும் பலகைக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஒரு அழுத்துபொத்தான். ரேடியோ பேசும்போது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், தூங்கியதும் விடவேண்டும். ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லி வோல்ட் இருந்தால் ஒரு மைக்ரோ ஆம்பியர். எந்தச் சாதா மீட்டரும் இதைப் படித்துவிடும்.

அப்படிப் பார்த்ததில் மூன்று ஓட்டைகள். பயன்படாத கால்கள் எங்கும் இணையாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அவுட்புட் ஆக்கிப் பூஜ்யத்தில் வைத்ததும் கொஞ்சம் இறங்கியது. சால்டரிங் ஃப்ளக்ஸ் கழுவாமல் இருந்தது இரண்டாவது. காய்ந்த பலகையில் அது சாது, முட்டைச் சூட்டிலும் ஈரத்திலும் மெல்லக் கடத்தும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் அதைத் தீர்த்தன. மூன்றாவதுதான் பெரிய திருடன்: ரேடியோ பேசும்போது செல்லுக்குத் துணையாக வைத்திருந்த 220 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அதன் கசிவு மட்டும் மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையை மிஞ்சியது. மின்சாரத்தில் ஓர் இரவு வைத்திருந்தால் கசிவு குறைகிறது, ஆனாலும் நம்ப முடியாது. டான்டலம் கெப்பாசிட்டரும் இந்த விஷயத்தில் அப்படியொன்றும் யோக்கியமில்லை. கடைசியில் 100 மைக்ரோ ஃபாரட் செராமிக் இரண்டு. செராமிக்கில் எழுதியிருக்கும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று வோல்ட் ஏறியதும் கொள்ளளவு நன்றாகச் சுருங்கும். இரண்டும் சேர்ந்து 130 என்று வைத்துக்கொண்டேன். 85 மைக்ரோ கூலும் எடுத்தால் 0.65 வோல்ட் விழும், மூன்றிலிருந்து 2.35. சிப்புக்கு 1.8 போதும்.

காரைக்குடியில் பேட்டரி சந்தேகத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. 1953ல் திறந்த மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது டீக்கடையில் அகப்படுவார். அப்படி ஒருவர் சொன்ன யோசனைதான் செல்லுக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையில் 470 ஓம். பட்டன் செல்லுக்குத் திடீர் இழுப்பு ஆகாது. வயதாக ஆக அதன் உள்தடை கூடி, சரக்கு இருந்தும் கொடுக்க முடியாமல் போகும். 470 ஓம் இருந்தால் செல் ஒன்றரை மில்லி ஆம்பியருக்கு மேல் பார்க்காது. கெப்பாசிட்டர் மறுபடி நிரம்ப அரை விநாடிகூட ஆகாது, நமக்கோ நிமிடம் முழுக்க இருக்கிறது.

முட்டை ஓடு பெரிய வேலையில்லை. அடையில் வைக்கும் பிளாஸ்டிக் முட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. ஹாக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்து, பலகையை வைத்து, மெழுகு ஊற்றி, எபாக்ஸியால் ஒட்டினேன். மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால் இரண்டு தடவையாக ஊற்ற வேண்டும். தண்ணீர் மாதிரி மெழுகு ரேடியோவை விழுங்காது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சக்தி நிஜ முட்டையைவிடக் குறைவு, அதனால் போலி முட்டை சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறும். வரைபடத்தில் தெரியும் ஏற்ற இறக்கம் பக்கத்து முட்டையில் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கும்.

செல்லை ஒரு முனையில் வைத்தால் கனத்தால் முட்டை தலையாட்டி பொம்மை மாதிரி நிமிர்ந்து நிமிர்ந்து உட்காரும். தெர்மிஸ்டர் எப்போதும் கோழித்தோலின் பக்கம் இருக்குமே என்று முதலில் அப்படித்தான் செய்தது. கோழிக்கு அது பிடிக்கவில்லை. புரட்டிவிட்ட முட்டை திரும்பிக்கொண்டால் மறுபடி புரட்டுகிறது. எனவே எடை நடுவில், தெர்மிஸ்டரும் நடுவில்.

ஆன்டெனாவை மேசையில் வெட்டவெளியில் வைத்துச் சரிசெய்வதில் பிரயோசனமில்லை. உடம்பு கிட்டே வந்ததும் அதன் இசைவு கீழே இறங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு கரைத்து, பாலிதீன் பையில் கட்டி, முட்டையின் மேல் படர வைத்து, அந்த நிலையில் சிக்னல் அதிகம் வரும்வரை கம்பியின் நுனியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டினேன். வெட்டவெளியில் நன்றாக வேலை செய்யும் நீளத்தைவிட இது குறைவாகவே வந்தது.

பிறகு அடை வைக்கும் நாள். உடைந்த பானையில் மணல், மேலே வைக்கோல், நாள் பார்த்து, பொழுது பார்த்து. முட்டை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். பதினொன்று எடுத்து வைத்திருந்த சின்னம்மா என் முட்டையைப் பார்த்ததும் யோசித்தார்.

“இதைச் சேர்த்தா பன்னெண்டுல்ல வருது?”

“இது பொரிக்காதுல்ல சின்னம்மா, இதை ஏன் எண்ணணும்?”

“கோழிக்கு அது தெரியுமாக்கும்?” என்று சொல்லி ஒரு முட்டையை எடுத்துக் குழம்புக்கு ஒதுக்கிவிட்டார்.

அடுத்தது இரும்பு. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பானையில் ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஒரு இரும்பு போடுவது எங்கள் பக்கம் வழக்கம். கரியும் மிளகாயும் எனக்கு இடைஞ்சலில்லை. சின்னம்மா போட்டதோ பழைய கதிர் அரிவாளின் துண்டு, என் முட்டைக்கு ஒட்டினாற்போல. இரண்டாங்கட்டில் வைத்திருந்த ரிசீவரில் சிக்னல் அந்த நிமிடமே செத்துப்போனது. ஆன்டெனாவுக்கு அரை விரற்கடை தூரத்தில் ஆன்டெனா நீளத்துக்கே ஒரு இரும்பு கிடந்தால் வேறு என்ன ஆகும். எடுத்துவிடலாமா என்று கேட்டால், “இடி விழுந்தா உன் ரேடியோவா வந்து பாக்கும்?” என்றார். இரும்பு இருக்க வேண்டும், எவ்வளவு என்று சாஸ்திரம் எதுவும் சொல்லவில்லை என்று பேசி, ஒரு இரண்டங்குல ஆணிக்கு இறங்கி வந்தோம். அதைப் பானையின் அடியில் மணலுக்குள் புதைத்தோம். முட்டைக்கும் ஆணிக்கும் நடுவே நாலு விரல் மணல். சிக்னல் திரும்பிவிட்டது.

ரிசீவர் வைக்கும் இடமும் லேசில் அமையவில்லை. வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு அரைத்துப் பூசிய சுவர் என்று செட்டிநாட்டு வீடுகளைப் புகழ்வார்கள். பூச்சு ரேடியோவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பின்னால் இருக்கும் செங்கல்லின் கனம்தான் தின்கிறது, கூடவே சன்னல்தோறும் இரும்புக்கம்பி. ஒரு மில்லி வாட்டை வைத்துக்கொண்டு முகப்புவரை போவது நடக்காது. வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. நிலைக்கதவுக்கு நேராக இரண்டாங்கட்டில் ரிசீவரை வைத்தால் அந்தக் கோட்டிலேயே சிக்னல் வந்துசேர்கிறது. சின்னம்மா பின்கதவைச் சாத்தும் இரவுகளில் கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை.

வந்த தகவலில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. ஒவ்வொரு செய்தியோடும் சிக்னலின் வலுவையும் ரிசீவர் குறித்துவைக்கிறது. காலையில் கோழி இரைக்கு இறங்கியதும் அடுத்த நிமிடமே வலு துள்ளி ஏறுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் விழுகிறது. வெப்பமோ அதற்குப் பல நிமிடம் பிந்தித்தான் அசைகிறது. கோழி அடையில் இருக்கிறதா என்று பார்க்கத் தனி உணரி வேண்டாம், அதன் உடம்பு ரேடியோவை மறைப்பதே சாட்சி. அந்தக் கணக்கின்படி கோழி மேல் குற்றமில்லை. காலையில் ஒரு தடவை, சில நாள் சாயங்காலமும் ஒரு தடவை, கால் மணி அரை மணிக்குள் திரும்பிவிடுகிறது.

குற்றம் மத்தியானத்தில். பங்குனி வெயிலில் தகரத்துக்குக் கீழே கொட்டகையே முட்டையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. கோழி வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது, சிக்னல் ஏறுகிறது, ஆனால் வெப்பம் இறங்கவில்லை. 37.5ஐ ஒட்டி இருக்க வேண்டியது 40ஐத் தொட்டு மணிக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. கரு கொஞ்ச நேரக் குளிர்ச்சியைத் தாங்கும், இந்தச் சூட்டைத் தாங்காது. சித்தப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. செல்போனில் வரைபடத்தைக் காட்டியதும் சின்னம்மா பேச்சே இல்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டுத் தாழ்வாரத்தில், நாட்டு ஓட்டுக்குக் கீழே கல்தரையில் வைத்தார். மத்தியானக் கோடு அன்றைக்கே 38க்கு இறங்கியது. ஏற்கனவே சூடுபட்டதில் சில வீணாகியிருந்தன. அடுத்த அடையை முதலிலிருந்தே தாழ்வாரத்தில் வைத்தோம், இரண்டு தவிர மற்றதெல்லாம் பொரிந்தது.

குஞ்சு வந்ததும் அடுத்த வழக்கு தொடங்கியது. தூக்கிக்கொண்டு போவது கீரியா, பக்கத்து வீட்டுப் பூனையா? குஞ்சின் முதுகில் ஒன்றை ஒட்டினால் தெரிந்துவிடும் என்றார் சித்தப்பா. முட்டையில் எடை ஒரு பிரச்சினையே இல்லை, குஞ்சில் எடைதான் எல்லாம். பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வரம்பு. ஐந்து என்றும் சொல்வார்கள், நான் மூன்றில் நின்றேன். பொரித்த அன்று குஞ்சு 30 கிராம்கூட இல்லை, மூன்று சதவீதம் என்றால் 0.9 கிராம். செல், சிப், பலகை, கம்பி எல்லாம் அதற்குள் என்பது என் கைக்கு எட்டாத வேலை. 70 கிராம் ஆகட்டும் என்று காத்திருந்தால் இரண்டு கிராம் கிடைக்கிறது.

இதில் தெர்மிஸ்டரும் இல்லை. எம்எஸ்பி430 தூங்கும்போது நேரம் எண்ணும் உள்கடிகாரம் ஒரு டிகிரிக்குச் சுமார் அரை சதவீதம் ஓட்டம் மாறும். கடிகாரமாக அது உதவாக்கரை. ஆனால் பத்து விநாடிக்கு ஒரு தடவை பேசச் சொன்னால், ஒரு டிகிரிக்கு 50 மில்லி விநாடி இடைவெளி மாறுகிறது. அதை ரிசீவர் பக்கத்திலேயே அளந்துகொள்ளலாம். மெக்கேயின் மாத்திரை செய்ததும் ஏறக்குறைய இதுதான், அளவையே சிக்னலின் போக்கில் ஏற்றிவிடுவது. செல் வோல்டேஜ் இறங்கினாலும் ஓட்டம் கொஞ்சம் மாறும் என்பதால் இதை வெப்பமானி என்று சொல்ல மாட்டேன். குஞ்சு தாயின் இறக்கைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதற்குப் போதும்.

செல் சிஆர்1025, 30 மில்லி ஆம்பியர்-மணி. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் சராசரி 9 மைக்ரோ ஆம்பியர், கணக்குப்படி நான்கு மாதம். அவ்வளவு தேவையே இல்லை. முதுகில் கண்ணிமை ஒட்டும் பசையால் ஒட்டினால் இறகு முளைக்க முளைக்கத் தானாகக் கழன்று விழுந்துவிடும். வளரும் குஞ்சுக்கு வார் கட்டுவதை நான் செய்ய மாட்டேன், அது ஒரு வாரத்தில் இறுக்கத் தொடங்கும்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நாரைக்கு ஒன்று கட்டலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்கே போய்ப் பறவை பிடித்தால் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்களே வந்துவிடுவார்கள். வனத்துறை அனுமதியோடு ஆய்வாளர்கள் செய்யட்டும். எனக்குச் சின்னம்மாவின் குஞ்சுகள் போதும்.

இப்போது நான்கு குஞ்சுகள் முதுகில் ட்ரான்ஸ்மிட்டரோடு திரிகின்றன. நான்கும் ஒரே பத்து விநாடியில் பேசினால் மோதுமே என்ற கவலையை அந்த உதவாக்கரைக் கடிகாரமே தீர்த்துவிட்டது. ஒவ்வொரு சிப்பிலும் ஓட்டம் வேறாக இருப்பதால் செய்திகள் தாமாகவே விலகிக்கொள்கின்றன. பிரச்சினை தோட்டத்து மூலையில், கிணற்றடிக்கு அப்பால். அங்கே போனால் வீட்டுக்குள் இருக்கும் ரிசீவருக்கு எட்டவில்லை. குஞ்சு காணாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான். கிணற்றடி மோட்டார் ரூமில் இன்னொரு ரிசீவர் வைக்க சித்தப்பா ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறார். இரும்புக் கதவை மட்டும் திறந்தே வைக்க வேண்டும்.